கன் தீவின் ஓடுபாதை

1957ஆம் ஆண்டை நாம் வெற்றியின் ஆண்டாகவே படித்திருக்கிறோம். அந்த ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளமும், நவம்பர் முதலாம் திகதி கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தன. பண்டாரநாயக்க அரசின் சாதனைகளில் இது முதல் வரிகளில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஆனால், இங்கே தளமிழந்த விமானப்படை பிறகு எங்கே போய் இறங்கியது என்று நம்மட சரித்திரப் புத்தகங்கள் கேட்பதில்லை. அது இறங்கிய இடம் முஸ்லிம்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு சின்னத் தீவு. மாலைதீவின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்கும் கீழே, அட்டு பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள கன்.

அந்தத் தீவு பிரித்தானியருக்குப் புதிதல்ல. 1941இல் ஜப்பானுடன் யுத்தம் மூளுமுன்பே, சிங்கப்பூர் பறிபோனால் ஒதுங்க ஓரிடம் வேண்டுமென்று அட்டுவை இரகசியமாகத் தயார் செய்தார்கள். கடற்படையின் தாள்களில் அதற்குப் பெயர் 'போர்ட் டி'. தென்னை மரங்களை வெட்டி கன்னில் ஓடுபாதை போட்டார்கள். அந்த இரகசியம் நம்மட கரைக்கும் உதவியது. 1942 ஏப்ரல் 5 ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்ததே, அன்று ஜப்பானியர் துறைமுகத்தில் பிடிக்க வந்த கப்பற்படையின் பெரும்பகுதி முந்திய நாள் அட்டுவில் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டிருந்தது. அப்படியொரு துறைமுகம் இருப்பதே நகுமோவுக்குத் தெரியாது. பின்னர் ஜேர்மன் நீர்மூழ்கியொன்று அதைக் கண்டுபிடித்தது. 1944 மார்ச்சில் உள்ளே நின்ற 'பிரிட்டிஷ் லோயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலுக்கு வெளியிலிருந்தே டோர்பிடோ அடித்தது. அந்தக் கப்பல் இன்றும் ஹிததூவுக்கு அருகே கடலடியில் கிடக்கிறது.

யுத்தம் முடிய எல்லாவற்றையும் விட்டிட்டுப் போனார்கள். திரும்பி வந்தது 1956இல். வருடத்துக்கு 2,000 பவுண், நூறு வருடக் குத்தகை! பிரதமர் இப்ராஹிம் அலி தீதி இதற்கு இணங்கினார். புதிய ஓடுபாதை தீவின் ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடிந்தது. ஊருக்கு இடமிருக்கவில்லை. கன் மக்களை அடுத்த தீவான ஃபேதூவுக்கு ஏற்றினார்கள்; அவர்களுக்கு இடம் விட, ஃபேதூ மக்களில் ஒரு பகுதியினர் மரதூவுக்குப் பெயர்ந்தார்கள். ஓர் ஓடுபாதைக்காக இரண்டு ஊர் இடம் மாறியது. இலங்கையின் தொல்லியல் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல் 1922இல் ஆராய்ந்து எழுதிவைத்த பழைய பௌத்தக் கட்டட இடிபாடும் அங்கே இருந்தது. அதையும் இயந்திரம் தள்ளிவிட்டது. இஸ்லாத்துக்கு முந்திய தங்கள் காலத்தின் ஒரு சாட்சியை அந்த முஸ்லிம் மக்கள் அப்படி இழந்தார்கள்.

இதை வைத்து அட்டு மக்கள் தளத்தை எதிர்த்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ நேர்மாறு. 1957 கடைசியில் பிரதமரான இப்ராஹிம் நாசிர், குத்தகைக் காலத்தைக் குறைக்க வேண்டும், பணத்தைக் கூட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தள வேலை நின்றால் அட்டுக்காரரின் கூலியும் நிற்கும். அதற்கு மேலே வியாபாரப் பிரச்சினை. தென் தீவுகளின் ஓடங்கள் மாசியை ஏற்றிக்கொண்டு நேராகக் கொழும்புக்கும் காலிக்கும் வந்து, அரிசியும் துணியும் கொண்டுபோன காலம் அது. (நம்மட சம்பலில் விழுந்த மாசிக்குப் பின்னாலும் இப்படியொரு அரசியல்!) எல்லாம் மாலே ஊடாகத்தான் போக வேண்டும் என்றது தலைநகரம். படகுகளுக்குப் புதிய வரியும் வந்தது. 1959 ஜனவரியில் அட்டு கிளம்பியது. மார்ச்சில் மூன்று தென் பவளத்தீவுக் கூட்டங்கள் சேர்ந்து 'சுவாதீவ்' என்று தனி நாடு அறிவித்தன. தலைவர் அப்துல்லாஹ் அஃபீப் தீதி, பிரித்தானியருக்கும் ஊராருக்கும் இடையில் தொடர்பாளராக இருந்தவர்.

பிரித்தானியர் ஆரம்பத்தில் கண்டும் காணாமலும் இருந்தார்கள். 1960 பெப்ரவரியில் மாலேயுடன் முப்பது வருட உடன்படிக்கை கையெழுத்தானதும் அஃபீப் அவர்களுக்கு வேண்டாதவராகிவிட்டார். என் பார்வையில் இந்தச் சரித்திரத்தின் மிகக் கசப்பான இடம் இதுதான். கலகத்தில் சேர்ந்திருந்த ஹவரு தினதூ தீவை 1962இல் நாசிரின் படை ஆளில்லாமல் ஆக்கியது. 1963 செப்டெம்பரில் அஃபீபைப் பிரித்தானியப் போர்க்கப்பலொன்று சீஷெல்சுக்கு ஏற்றிப்போனது. மாலைதீவின் சுதந்திர ஒப்பந்தம் 1965 ஜூலை 26ஆம் திகதி கொழும்பில்தான் கையெழுத்தானது. அப்போதும் கன் தளம் பிரித்தானியரிடமே இருந்தது.

1976 மார்ச் 29இல் அவர்கள் போனார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் ஒரே நாளில் நின்றது. அடுத்த வருடம் சோவியத் யூனியன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டொலர் தருவதாக அந்தத் தளத்தைக் கேட்டது. நாசிர், அப்போது ஜனாதிபதி, மறுத்துவிட்டார். தளத்தில் ஆங்கிலம் பழகிய இளைஞர்கள் வடக்கே புதிதாக எழும்பிய உல்லாச விடுதிகளுக்கு வேலை தேடிப் போனார்கள். படையினரின் கட்டடங்களில் பிற்காலத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. அதன் பிறகு விடுதி வந்தது. ஓடுபாதை இப்போது சர்வதேச விமான நிலையம். கன்னிலிருந்து கிளப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ஃபேதூவில்தான் இருக்கிறார்கள். கன்னுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.