மீண்டும் கரம் பலகையின் முன்னால்

கடந்த மாதம் எருக்கலம்பிட்டியில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் கரம் விளையாட அமர்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் தொடாத ஆட்டம் அது. முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தது. நண்பர் சிரிக்கவில்லை. "தண்டம், மச்சான்" என்றார்.

கரமும் பில்லியட்ஸும் உறவினர்கள். பில்லியட்ஸில் ஒரு பந்து மற்றப் பந்துகளில் மோதிச் செல்வதைக் குறிக்கும் 'கரம்' என்ற சொல்லே நம் பலகைக்கும் பெயராயிற்று. ஆனால் இரண்டும் வாழ்ந்த இடங்கள் வேறு. 1875இல் ஜபல்பூரில் பிரித்தானியப் படை அதிகாரிகள் ஸ்னூக்கரைத் தொடங்கினர். அதன் விதிகள் பின்னர் ஊட்டி கிளப்பில் வரையறை பெற்றன. அந்த மேசைகள் கனவான்களின் மன்றங்களுக்குள் இருந்தன. கரத்துக்கோ ஒரு பலகையும், பத்தொன்பது காய்களும், சிறிது போரிக் பவுடரும் போதும். ஆகவே அது வாசிகசாலைகளுக்கும் மீனவர் வாடிகளுக்கும் வந்து சேர்ந்தது.

நண்பரின் தந்தை எங்களுக்கு ஆட்டம் பழக்கும்போது எம்.ஜே.எம். லாபீரைப் பற்றிச் சொல்வார். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்ற இலங்கையர் அவர். கரத்துக்கு உலகச் சம்மேளனம் 1988இல்தான் சென்னையில் உருவானது. பின்னர் சென்னையின் மரிய இருதயம் இருமுறை உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருதும் பெற்றார். 2012இல் கொழும்பில் நிஷாந்த பெர்னாண்டோ உலகப் பட்டத்தை இலங்கைக்குப் பெற்றுத் தந்தார். அதே சென்னையின் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார்.

இவற்றையெல்லாம் நான் செய்தியாக மட்டுமே அறிந்தேன். எங்கள் ஆட்டம் 1990 ஒக்டோபரில் நின்றுபோயிருந்தது.

அந்த மாதம் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் மிகக் குறுகிய அவகாசத்தில் ஊரை விட்டனர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றனர். நண்பரின் குடும்பமும் அவர்களில் ஒன்று. நான் அன்று மன்னாரில்தான் இருந்தேன். கரைக்குப் போகவில்லை. பிறகு பத்திரிகைத் தொழிலுக்கு வந்து எத்தனையோ இடப்பெயர்வுகளைப் பற்றி எழுதினேன். என் கண்ணெதிரே நடந்த இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆரம்பத்தில் காரணம் அச்சம். 2009க்குப் பின்னர் அந்தக் காரணமும் இல்லை.

நண்பர் புத்தளத்து முகாமிலும் கரத்தை விடவில்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்தார். பிள்ளைகள் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். என் விரல்களோ அனைத்தையும் மறந்திருந்தன. ஸ்ட்ரைக்கர் இரு கோடுகளையும் தொட்டிருக்க வேண்டும் என்பதையே அவர் நினைவூட்ட நேர்ந்தது. தடுமாறும்போதெல்லாம் வேகத்தைக் கூட்டினேன். காய்கள் குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பின. "மெதுவா அடி. பலகை உனக்கு எதிரியில்ல" என்றார்.

தண்டத்தின் விதியையும் மறந்திருந்தேன். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், வென்ற காய் ஒன்றை மீண்டும் பலகையில் வைக்க வேண்டும். வென்ற காய் இல்லாவிட்டால் விதி மன்னிப்பதில்லை; கடன் நிற்கும். பின்னர் விழுத்தும் காயில் அதைத் தீர்க்க வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே, "அன்றைக்கு நான் கரைக்கு வந்திருக்க வேணும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பலகையையே பார்த்திருந்தார். "வாப்பா கடைசி வரைக்கும் உன்னைத் தேடினார்" என்றார். பிறகு ஸ்ட்ரைக்கரை என் பக்கம் நகர்த்தி, "இப்ப நீ அடி" என்றார்.

அன்று 25க்கு 4 என்ற கணக்கில் தோற்றேன். வீடு திரும்பியதும் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அடுத்த வாரமும் எருக்கலம்பிட்டிக்குப் போகிறேன்.