சத்து மாத்திரைகள்: தேர்வும் பயனறிதலும்

வைட்டமின்களைத் தனியாகவோ இரும்பு, துத்தநாகம், கால்சியம் போன்ற தாதுக்களோடு சேர்த்தோ குறிப்பிட்ட அளவில் அடைத்து, உணவுக்குத் துணையாக விற்கப்படும் மாத்திரை, கேப்சூல், பொடி, சிரப் ஆகியவற்றைப் பேச்சுவழக்கில் சத்து மாத்திரை என்கிறோம். மனித உடலுக்கு இன்றியமையாத வைட்டமின்கள் 13. ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. எட்டு பி வகைகளும் சி-யும் நீரில் கரைபவை. முதல் வகையில் ஏ, டி போன்றவை உடலில் சேர்ந்து தங்குவதால் அளவு மீறினால் நஞ்சாகும். இரண்டாம் வகையின் மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது அதில் உள்ள பி2 வெளியேறுவதால்தான். மாத்திரை வேலை செய்வதற்கான அடையாளமாக அதைக் கொள்பவர்களும் உண்டு. நீரில் கரைவது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. பி6-ஐப் பெரிய அளவில் நெடுநாள் உட்கொண்டால் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும்.

குறையும் நிறைவும்

ஒரு வைட்டமின் பயன் தருமா என்ற கேள்விக்கு, யாருக்கு, எதற்கு என்பதைச் சேர்க்காமல் விடை சொல்ல இயலாது. 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் கால் தள்ளாடுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டோடு போனது பி1 என்பது பின்னர் தெரியவந்தது. இப்படிப்பட்ட கண்கூடான குணமே பின்னாளில் ஒரு தப்புக்கணக்குக்கும் இடம் கொடுத்தது: இல்லாவிட்டால் நோய் தருவது, கூடுதலாக இருந்தால் கூடுதல் நலம் தரும் என்று.

அந்தக் கணக்கைக் கடுமையாகப் பொய்யாக்கியது, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதும், அவர்கள் இரத்தத்தில் இந்தப் பொருள் அதிகம் என்பதும் தெரிந்திருந்தன. ஆகவே பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் வந்த முடிவில், அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரையும் கல்நார்த் தொழிலாளர்களையும் கொண்டு நடந்த இதேபோன்ற சோதனையை 1996-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே மிகுதி 28 விழுக்காடு. காய்கறி உண்பவருக்கும் உண்ணாதவருக்கும் இடையே கரோட்டினைத் தவிர வேறு எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. போலி மாத்திரையோடு ஒப்பிடும் குலுக்கல் சோதனை இல்லாமல், வெறும் கவனிப்பை நம்பி ஒரு சத்து மாத்திரையைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மறுபுறம், ஃபோலிக் அமிலத்துக்குச் சான்று மிக வலுவானது. நரம்புக்குழாய்க் குறைபாடு (கருவின் மூளை, தண்டுவடம் சரியாக உருவாகாமை) உள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாரிடம் நடந்த சோதனையில், கருத்தரிப்புக்கு முன்பே தொடங்கிய ஃபோலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு தடுத்தது. 1991-இல் வெளியான இந்த முடிவே இன்றைய நடைமுறைக்கு அடிப்படை. முன்பு அக்குறை நேராத பெண்களுக்குப் பொதுவான பரிந்துரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம்.

வைட்டமின் சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-இல் எழுதிய நூலால் சளிக்கு அது மருந்து என்ற நம்பிக்கை பரவியது. தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், தினமும் சாப்பிடுவோருக்கும் சளி பிடிப்பது குறையவில்லை. பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் 8 விழுக்காடு குறைந்தது, அதாவது ஏறத்தாழ அரை நாள்.

பயனறிதல்

தனி ஒருவர் தமக்குப் பலன் கிடைத்ததா என்று அறிவது இதைவிடக் கடினம். வாய்ப்புண் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் தானாகவே ஆறும். காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின் கொட்டும் முடியும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். இரண்டிலும் அப்போது கையிலிருந்த மாத்திரை பெயரைத் தட்டிச்செல்கிறது. எனவே தொடங்குமுன்பே எது, எத்தனை நாளில், எவ்வளவு மாற வேண்டும் என்று முடிவு செய்துகொள்வதும், ஒரே நேரத்தில் ஒன்றுக்குமேல் தொடங்காமல் இருப்பதும் நல்லது.

இரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் எண் ஏறுவதும் நோய் இறங்குவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையில், தினமும் 2,000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையவில்லை. அவர்கள் குறைபாடு உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பி12 குறைபாட்டில் எச்சரிக்கை இன்னும் தேவை. பால், தயிர்கூடக் குறைவாக உண்ணும் மரக்கறி உணவினருக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுவோருக்கும் இக்குறை வரக்கூடும். இவர்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை தீர்ந்து அறிக்கை நன்றாகிவிடும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். சரியான சிகிச்சையில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சீராகும், நரம்புக் கோளாறு தேற அதற்கும் மேல் ஆகும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராமே தேவையிருக்க, பி12 மாத்திரையில் 1,000 என்று இருப்பதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அத்தகைய பெரும் அளவில் ஒரு விழுக்காடு அளவே குடல் வழியே உள்ளே போகும்.

தேர்வு

இந்தியாவில் ஒரே வைட்டமின் இரண்டு சட்டங்களின்கீழ் விற்கப்படுகிறது. மருந்தாக விற்கப்படுவதில் பெயரோடு ‘ஐ.பி.’ என்று இருந்தால், அது இந்திய மருந்தியல் நூலின் தர அளவுக்கு உட்பட்டது என்று பொருள். உணவாக விற்கப்படுவதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருந்துப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகமும் இருக்கும். உரிம எண் இருப்பதால் பலன் மெய்ப்பிக்கப்பட்டது ஆகாது. அமெரிக்காவிலும் சத்து மாத்திரைகளுக்கான 1994 சட்டத்தின்படி, விற்குமுன் பலனை மெய்ப்பிக்கத் தேவையில்லை. ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்பதைத் தனித் தகுதியாக எண்ண வேண்டாம்.

குறை எதுவெனத் தெரிந்தால் முப்பது சத்துகள் கலந்த மாத்திரையைவிட அந்த ஒன்றை மட்டும் வாங்குவதே நேர்வழி. மல்டிவைட்டமின், கால்சியம் மாத்திரை, சத்துமாவு மூன்றிலும் வைட்டமின் டி இருக்கக்கூடும். கூட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவர் வாரம் ஒருமுறை எனச் சில வாரங்களுக்கு எழுதித் தரும் 60,000 ஐ.யு. பாக்கெட்டைத் தினமும் சாப்பிட்டோ, சீட்டுக் காலம் முடிந்தும் மாதக்கணக்கில் தொடர்ந்தோ, இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கு ஊறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோர் வைட்டமின் கே-யைத் தாமாகத் தொடங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின், சில தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துக்காட்டும். 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. இரத்தம் கொடுக்குமுன் பயோட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.