ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே: முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்ட இசைத்தொகுப்பு

'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' பிரித்தானியப் பாடகி வாஷ்டி பன்யனின் முதல் இசைத்தொகுப்பு. 1970 டிசம்பரில் வெளியானபோது மிகச் சில பிரதிகளே விற்றன. இன்று அது பிரித்தானிய நாட்டார் இசை மறுமலர்ச்சியின் முக்கியமான பதிவுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

1945இல் நியூகாசிலில் பிறந்த பன்யனை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் பாப் பாடகியாக அறிமுகப்படுத்தினார். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்சும் எழுதிய பாடலுடன் 1965இல் வந்த அவரது முதல் இசைத்தட்டு வெற்றிபெறவில்லை. 1968இல் அவர் நகர வாழ்க்கையை விட்டு, நண்பர் ராபர்ட் லூயிசுடன் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டோனோவன் அங்கே கலைஞர்களுக்கான குடியிருப்பு ஒன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தார். வழிநெடுகக் கண்ட வயல்களும் விலங்குகளும் அன்றாட வேலைகளும் பன்யனின் பாடல்களாயின.

1969 இறுதியில் ஜோ பாய்ட் இப்பாடல்களை லண்டனில் பதிவு செய்தார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்பிரிக், சைமன் நிக்கோல், இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுவின் ராபின் வில்லியம்சன் ஆகியோர் வாசித்தனர். சில பாடல்களுக்கு ராபர்ட் கிர்பி இசைக்கோவை செய்தார். தாலாட்டுப் போன்ற அந்த மென்குரலை அன்றைய சந்தை பொருட்படுத்தவில்லை. மனமுடைந்த பன்யன் இசையைக் கைவிட்டு, கிராமப்புறத்தில் பிள்ளைகளை வளர்த்தார்.

ஆனால் வாங்கிய சிலர் அந்த இசைத்தட்டைப் பாதுகாத்தனர். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடையே அதன் விலை ஏறியது. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தன் பெயரைத் தேடிய பன்யன், தன் தொகுப்பைப் பலர் தேடுவதை அறிந்தார். 2000இல் அது குறுவட்டாக மறுபடி வெளிவந்தது. டெவேந்திரா பன்ஹார்ட் போன்ற இளம் அமெரிக்கக் கலைஞர்கள் அவரை முன்னோடியாகக் கொண்டாடினர். 35 ஆண்டு இடைவெளிக்குப் பின், 2005இல் மாக்ஸ் ரிக்டரின் தயாரிப்பில் இரண்டாம் தொகுப்பு 'லுக்காஃப்டரிங்' வந்தது.

இதே ஜோ பாய்டும் ராபர்ட் கிர்பியும் நிக் டிரேக்கின் தொகுப்புகளிலும் பணியாற்றினர். அவையும் அப்போது விற்கவில்லை. டிரேக் 1974இல் தம் 26ஆம் வயதில் இறந்தார். அவருக்குப் புகழ் வந்தது அதன் பிறகே. பன்யனோ தம் பாடல்கள் கேட்கப்படுவதை உயிருடன் கண்டார், மீண்டும் பாடவும் செய்தார். முதல் ஆண்டின் விற்பனைக் கணக்கு ஒரு படைப்பின் தரத்தைச் சொல்லிவிடாது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு கலைஞரின் 30 ஆண்டுகளைப் பறித்துவிட முடியும்.