பசறைக்கு ஒரு கட்டுரை வந்த பாதை

ஆடி மாதம் பசறை மலைகளில் கச்சான் காற்று வீசும். மண் காயும், கொழுந்து சிறுக்கும், கிலோக் கணக்கு இறங்கும். ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தக் காய்ச்சல் காலத்துக் கொழுந்துதான். அதன் காரமான வாசனைக்குப் பெரிய காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற இரசாயனம். உடம்பு வலிக்குப் பூசும் தைலத்தில் மூக்கைத் தாக்குவதும் அதே பொருள்தான்.

தேயிலை வாசனையைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானிய வேதியியலாளர் தெய் யமனிஷி. அவரும் சக ஆய்வாளர்களும் பல வகைக் கறுப்புத் தேயிலைகளின் மணத்தை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1968 இல் 'அக்ரிகல்ச்சுரல் அண்ட் பயோலொஜிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற சஞ்சிகையில் வெளிவந்தது. அந்தக் கட்டுரைக்கும் ஒரு வாழ்க்கை உண்டு.

பிறந்தபோது அது வெறும் தாள். சந்தா கட்டிய நூலகத்துக்குத் தபாலில் போகும், பைண்ட் செய்யப்பட்டு இறாக்கையில் ஏறும். அடுத்த ஆண்டு சந்தா கட்ட முடியாமல் போனாலும் வந்த இதழை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இன்றைய தரவுத்தளச் சந்தா பெரும்பாலும் வாடகை போன்றது. பணம் நின்றால் கதவும் மூடும். பழைய ஆண்டு இதழ்களையாவது பார்க்க விடுவார்களா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1992 இல் அந்தச் சஞ்சிகை 'பயோசயன்ஸ், பயோடெக்னொலொஜி அண்ட் பயோகெமிஸ்ட்ரி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014 இல் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் கைக்குப் போனது. 2021 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றமும் உலகெங்கும் நூலகர்களின் மேசையில் வேலையாக வந்து விழும். பழைய முகவரிக்குப் போகும் இணைப்பைத் திருத்த வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை யாரிடம் என்று பட்டியலில் மாற்ற வேண்டும். பிராக்ஸியின் அமைப்புக் கோப்பில் புதிய தளத்தைச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மாணவிக்குத் திரையில் தெரிவது விலைப்பட்டியல் மட்டுமே. பல்கலைக்கழகம் ஏற்கெனவே காசு கட்டிவிட்டது என்று அங்கே யாரும் அவளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இந்த பிராக்ஸியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பதிப்பகம் பெரும்பாலும் ஆளைப் பார்ப்பதில்லை, கணினியின் ஐபி எண்ணைப் பார்க்கிறது. வளாகத்தின் எண் என்றால் திறக்கும், வெளி எண் என்றால் பூட்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கல்லூரி நூலகராக இருந்த கிறிஸ் சகார், 1999 இல் 'ஈசிபிராக்ஸி' என்ற மென்பொருளை எழுதினார். வீட்டிலிருக்கும் மாணவர் பல்கலைக்கழகக் கணக்கால் நுழைவார், நூலகத்தின் சேவையகம் தன் எண்ணைக் காட்டி அவருக்காகக் கட்டுரையை வாங்கிக் கொடுக்கும். இலங்கையில் 'லேர்ன்' வலையமைப்பு, ஒரே பல்கலைக்கழகக் கணக்கால் பல சேவைகளுக்குள் நுழையும் கூட்டு அடையாள முறையையும் நடத்துகிறது.

இனி பதுளைக்கு வருவோம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் தொடங்கியது, இருப்பது பதுளை பசறை வீதியில். தேயிலைத் தொழில்நுட்பத்தை ஒரு பட்டப்படிப்பாகவே அங்கே படிக்கலாம். பசறை கோணக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் இருக்கிறது. செடி, ஆராய்ச்சி, படிப்பு எல்லாம் ஒரே வட்டாரத்தில். ஆனால் இந்தச் செடியைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க, உலகம் சுற்றி வரும் வழியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த வழி எவ்வளவு ஒடுங்கியது என்பது கொரோனாக் காலத்தில் தெரிந்தது. வளாகம் மூடியதும் வளாகத்து ஐபி எண்ணும் மாணவருக்கு இல்லாமல் போனது. வளாகத்துக்கு வெளியே இருந்து நுழையும் வசதி, அதுவரை சிலருக்கான சலுகை, எல்லாருக்கும் ஒரே வழியானது. அந்த வழிக்கும் சிக்னல் வேண்டும். லுணுகலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிப் பாடம் கேட்டதை 2021 இல் வெளிநாட்டு ஊடகங்களும் எழுதின. லயன் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களுக்கும் அதே மலை, அதே சிக்னல்தான். டேட்டா கார்ட் போட்டு, கடவுச்சொல் காலாவதி என்ற அறிவிப்பைப் பார்த்து நின்றவர்களின் நிலையை நூலகப் புள்ளிவிபரம் பெரும்பாலும் காட்டாது. வழக்கமாகத் திறந்த கோப்புகள்தான் எண்ணப்படும், கடவுச்சொல்லில் தடைபட்டுத் திரும்பியவர் கணக்கில் வருவது அரிது. அவர்களையும் எண்ணத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு 2022. டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியது. டொலரில் கட்டும் எந்தச் சந்தாவும் ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும் நிலை. இப்படிப்பட்ட நேரத்தில் எதை நிறுத்துவது, எதை வைத்திருப்பது என்று முடிவெடுக்கப் பாவனைக் கணக்கு கையில் இருக்க வேண்டும். நூலகத்துக்கு இன்னொரு காவல் வேலையும் உண்டு. யாரோ ஒருவர் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கோப்புகளை இறக்கினால் பதிப்பகம் முழு வளாகத்தையும் அடைத்துவிடலாம். அப்படி இறக்கியவரின் பயனர் கணக்கைக் கண்டுபிடித்து நிறுத்தி, பதிப்பகத்துக்கு எழுதி, கதவைத் திரும்பத் திறக்க வைப்பது நூலகத்தின் வேலை.

யமனிஷியின் கட்டுரைக்கு இதற்கிடையில் நல்ல காலம் வந்தது. ஜப்பான் அரசின் அறிவியல் நிறுவனம் 1999 இல் தொடங்கிய 'ஜே-ஸ்டேஜ்' தளத்தில், அந்தச் சஞ்சிகையின் பழைய தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கும் கடவுச்சொல்லும் தேவையில்லை. ஆகவே தேடல் பட்டியலில் கட்டணத் தளத்தின் இணைப்பை மட்டும் வைத்துவிட்டால், சும்மா கிடைக்கும் பிரதியை நூலகமே மறைத்ததாகிவிடும். இலவசப் பிரதியைத் தேடிப் பிடித்து முன்னால் வைப்பதும், வாசகருக்குக் கட்டுரை கிடைக்க வழிசெய்யும் 'அணுக்க முகாமைத்துவ' வேலைதான்.

எல்லாப் புதிய கட்டுரைகளுக்கும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. பசறைத் தொழிற்சாலையில் வாடலையும் உருட்டலையும் தினம் கவனிக்கும் டீமேக்கர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதிவானவர் அல்ல. ஆனால் நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாரும் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்ற விதி பல பதிப்பக ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நூலகர்கள் அந்த விதியைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியபின் அதை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். பசறையிலிருந்து பதுளைக்கு பஸ் ஓடுகிறது.