உடல் நிறையைக் குறைக்க அக்குபங்சர்: தீவக மக்கள் அறிய வேண்டியவை

போரில் காலை இழந்தவர்களுக்கு உடல் நிறை கூடினால் செயற்கைக் கால் இறுகிப் பொருந்தாமல் போகும். இதனால், நிறை குறைய அக்குபங்சர் உதவுமா என்ற கேள்வி முக்கியமானது.

சீனாவில் தோன்றிய இம்முறையில் மருந்தேற்றாத மெல்லிய ஊசிகளைக் குத்துவர். நிறைக் குறைப்புக்குக் காதும் வயிறும் முக்கிய இடங்கள். காதுப் புள்ளிகளை 1950களில் வகுத்தவர் பிரெஞ்சு வைத்தியர் போல் நோஜியே. பசி அடங்கி நிறை சிறிது குறைவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகள். உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் இது துணை மட்டுமே.

சிகிச்சை வாரக்கணக்கில் தொடரும். நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் யாழ்ப்பாணம் செல்வதானால் ஒவ்வொரு முறையும் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பேருந்து. அந்தச் செலவுக்கு முன், ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதியுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

உடலில் எறிகணைச் சிதறலோ உலோகத் தகடோ இருந்தால் ஊசி குத்துமுன் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறையைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். புதிய ஊசியை உங்கள் முன்னிலையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு மாத்திரையை எவர் சொல்லியும் தாமாக நிறுத்த வேண்டாம்.