குன்னூரை உருவாக்கிய சாலை

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலருக்குக் குன்னூர் என்றால் வழியில் டீ குடிக்க நிற்கும் ஊர். ஆனால் இந்த ஊர் பிறந்ததே வழியில் இருந்ததால்தான். ஒரு சாலை எந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஏறுவது என்று சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவு குன்னூரை வளர்த்தது, கோத்தகிரியைப் பின்னுக்குத் தள்ளியது. அந்த முடிவின் கதைதான் இது.

சாலைக்கு முன்

நீலகிரி யாரும் போகாத காடாக இருந்தது, ஆங்கிலேயர்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். இது சரியல்ல. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஆகியோர் அங்கே ஏற்கெனவே வாழ்ந்து வந்தனர். மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஒற்றையடிப் பாதைகளும் இருந்தன. 1812ல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் மலை ஏறியதும் அப்படிப்பட்ட பாதை ஒன்றில்தான். இல்லாமல் இருந்தது மாட்டு வண்டி ஏறக்கூடிய சாலை மட்டுமே.

முதல் சாலை கோத்தகிரிக்கு

1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற ஊரில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக உள்ளது. பவானி ஆற்றங்கரையில் இருக்கும் சிறுமுகையில் இருந்து கோத்தகிரி பக்கம் உள்ள திம்பட்டி வரை சாலை அமைக்க அவர் ஏற்பாடு செய்தார். மக்பர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் நடந்த வேலை 1823ல் முடிந்தது. ஆக, மலையின் முதல் வாசல் கோத்தகிரிதான். அப்போது குன்னூர் ஒரு சிறிய கிராமம்.

வழி மாறியது

சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டி, ஏரி வெட்டி, அதை ஒரு நகரமாக மாற்றத் தொடங்கினார். வெயில் தாங்காத மதராஸ் அதிகாரிகளும் நோயில் இருந்து தேறி வரும் சிப்பாய்களும் ஊட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். ஆனால் கோத்தகிரி வழி சுற்று வழி. இன்றைய சாலைகளிலேயே இதைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி 60 கிலோமீட்டருக்கு மேல், குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர்தான்.

1827 முதல் 1832 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் ஊட்டியில் மிகுந்த அக்கறை கொண்டவர். அவர் காலத்தில்தான் குன்னூர் பள்ளத்தாக்கு வழியாகப் புதிய சாலை போட முடிவானது. மதராஸ் பயனியர் படையினர் வேலை செய்தார்கள். 1830க்கும் 1832க்கும் இடையில் பாதை தயாரானது. ஊட்டிக்குப் போகும் கூட்டம் மெல்லக் கோத்தகிரியை விட்டுவிட்டுக் குன்னூர் பக்கம் திரும்பியது.

பிறகு எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குன்னூர் அருகே ஜக்கதளாவில் 1852ல் ராணுவக் குடியிருப்புகளுக்கான வேலை தொடங்கியது. அதுதான் இன்றைய வெலிங்டன். சுற்றிலும் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. 1874ல் சிம்ஸ் பூங்கா வந்தது.

இரண்டாவது முயற்சி

லஷிங்டன் காலத்துச் சாலையில் ஒரு குறை இருந்தது. அது மிகவும் செங்குத்தானது. ஆளும் குதிரையும் ஏறலாம், ஆனால் பாரம் ஏற்றிய வண்டிகள் திணறின. ராணுவத்துக்கு அரிசியும் தோட்டங்களுக்கு இயந்திரமும் மேலே போக வேண்டும், காப்பி மூட்டை கீழே இறங்க வேண்டும். எனவே கர்னல் லா என்ற பொறியாளரின் திட்டப்படி, பர்லியாறு வழியாக வளைந்து வளைந்து ஏறும் புதிய சாலை வெட்டப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. இன்று கொண்டை ஊசி வளைவுகளோடு நாம் பார்க்கும் குன்னூர் மலைச்சாலையின் அடிப்படை இதுதான். தூரம் கூடினாலும் பரவாயில்லை, ஏற்றம் குறைய வேண்டும் என்பதே அதன் தத்துவம்.

குன்னூருக்குக் கீழே உள்ள லாஸ் நீர்வீழ்ச்சிக்கு அந்தப் பொறியாளரின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பாறை உடைத்த கூலிகளின் பெயரில் அங்கே ஒரு ஓடைகூடக் கிடையாது.

ரயிலும் அதே பள்ளத்தாக்கில்

1873ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. பயணிகள் அங்கே இறங்கி, டோங்கா எனப்படும் குதிரை வண்டியில் குன்னூருக்கு ஏறினார்கள். மலை ரயில் வேலை 1891ல் தொடங்கியது. எடுத்து நடத்திய கம்பெனி பணமில்லாமல் மூடப்பட்டு, வேறொரு கம்பெனி வந்து, 1899ல்தான் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டிக்கு ரயில் சென்றது 1908ல். இடைப்பட்ட 9 ஆண்டுகள் குன்னூரே கடைசி நிலையம். ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே இறங்கித்தான் வண்டி மாற வேண்டும். அதுவும் ஊர் வளர ஒரு காரணம்.

இன்றும் குன்னூர் ஒரு மாறுமிடம்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து பல்சக்கரத்தின் உதவியோடு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சின் குன்னூரில் கழற்றப்படும். மீதி தூரம் டீசல் எஞ்சின் போகும். 2005ல் இந்த ரயில் பாதையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மலை கேட்கும் விலை

சாலை, ரயில், ஆறு மூன்றும் ஒரே குறுகிய பள்ளத்தாக்கில் இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. மலையை வெட்டிய இடத்தில் மண்ணுக்குப் பிடிப்பு குறைகிறது. மழைநீர் வழிந்தோட வழியில்லாவிட்டால் அது மண்ணுக்குள் இறங்கிச் சரிவை உண்டாக்குகிறது. ஓரிடத்தில் சரிந்தால் சாலை, ரயில் இரண்டும் சேர்ந்தே அடைபடும்.

1993 நவம்பரில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட பெரிய நிலச்சரிவில் பலர் உயிரிழந்தனர். 2009 நவம்பர் மழையில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அந்த மழையில் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல இடங்களில் சாலை அறுந்தது, மலை ரயிலும் பல மாதங்கள் நின்றது. சுற்றுலாப் பயணிக்கு அது ரத்தான டிக்கெட். அங்கே வாழ்பவருக்கோ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் காய்கறி இறங்கும் வழியும் அடைபட்டது.

மறுபடியும் கோத்தகிரி

சமவெளியில் வாகனம் பெருகினால் சாலையை அகலப்படுத்துவார்கள், சந்திப்பில் மேம்பாலம் கட்டுவார்கள். சென்னையில் கத்திப்பாராவில் 2008ல் நான்கு இதழ் வடிவ மேம்பாலம் திறந்ததும் அப்படித்தான். குன்னூரில் அதற்கு இடம் ஏது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அகலப்படுத்த வேண்டுமானால் மலையை இன்னும் வெட்ட வேண்டும். வெட்டிய இடம் அடுத்த மழையில் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனவே கோடை சீசனில் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். மேலே போகும் வாகனங்கள் குன்னூர் வழியாகவும், இறங்கும் வாகனங்கள் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடப்படுகின்றன. சல்லிவன் காலத்துத் தடம் அப்படியே இல்லை என்றாலும், அவர் தேர்ந்தெடுத்த அதே கோத்தகிரிப் பக்கம்தான் 200 ஆண்டுகளுக்குப் பிறகு குன்னூரின் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது.

1823ல் இருந்து ஒவ்வொரு தலைமுறையும் கேட்ட கேள்வி, இன்னும் நிறைய பேரை எப்படி மேலே ஏற்றுவது என்பதுதான். எத்தனை பேரை இந்த மலை தாங்கும் என்ற கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது. குன்னூரை உருவாக்கியது சாலை. அந்தச் சாலையாலேயே குன்னூர் அழியாமல் இருக்க, பாதி வழியில் டீ குடிக்க இறங்குகிறவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.