புள்ளிவிவரத்தில் நெசவும் தையலும்

நம் நாட்டில் நெய்வோர் எத்தனை பேர், தைப்போர் எத்தனை பேர் என்று கேட்டால், எண்ணிச் சொல்வதில் என்ன கடினம் என்று தோன்றும். ஆனால் ஆட்களை எண்ணுமுன் எத்தொழில் எப்பிரிவைச் சேர்ந்தது என்று வரையறுத்தாக வேண்டும். சரக்குக்கு வகுப்புப் பார்த்துக் கட்டணம் போடும் இரயில்வேக்காரருக்கு இது புதிதன்று. வரையறை மாறினால், ஒருவரும் தம் தொழிலை மாற்றாமலே கணக்கு மாறிவிடும்.

நாடுகள் தத்தம் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும்பொருட்டு, ஐக்கிய நாடுகள் சபை 1948-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழில் வகைப்பாடு ஒன்றை வகுத்தது. நம் நாட்டில் 1962-இல் ஒரு வகைப்பாடு எழுந்து, 1970-இல் தேசியத் தொழில் வகைப்பாடாக விரிவடைந்தது. அதில் துணித் தொழிலுக்கு நான்கு பெரும் பிரிவுகள் இருந்தன. 23 பருத்தி, 24 கம்பளி, பட்டு, செயற்கை இழை, 25 சணல் முதலிய நார்கள், 26 துணிப்பொருள்களும் ஆடைகளும். ஹூக்ளி நதிக்கரையின் சணல் ஆலைகளை அறிந்தோர், சணலுக்குத் தனிப் பிரிவு கிடைத்தது குறித்து வியப்படையார்.

பருத்திப் பிரிவின் உட்பகுப்பே மிகச் சிறப்புடையது. மில் நூற்பு வேறு, ராட்டை நூற்பு வேறு. கதர், கைத்தறி, விசைத்தறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். இது வெறும் குமாஸ்தாக் கற்பனையன்று. கதரையும் கைத்தறியையும் ஆதரிப்பதற்காக 1953-இல் துணியின்மீது கூடுதல் தீர்வை விதித்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1985-இல் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிற்று இன்னொரு சட்டம். எத்துணி எத்தறியில் நெய்யப்பட்டது என்பது அரசுக்கு அவசியமான வினாவாயிருந்தது.

1998-இல் நமது வகைப்பாடு ஐ.நா. பட்டியலின் மூன்றாம் திருத்தத்தைத் தழுவியது. நான்கு பிரிவுகள் இரண்டாயின: 17 துணி, 18 ஆடை. மென்மயிர்த் தோலைப் பதனிடுவதும் சாயமிடுவதும்கூட ஆடைப் பிரிவிலேயே வந்து சேர்ந்தன. நம் வெயிலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். நூற்றல், நெய்தல், மெருகிடல் என்ற படிகளே முதன்மை பெற்றன. இழையும் தறியும் பின்னுக்குப் போயின. பிற நாடுகளுடன் ஒப்பிடுவது எளிதாயிற்று, உண்மைதான். ஆனால் பெரும் பிரிவின் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு மில்லும் கைத்தறியும் ஒன்றாகவே தெரிந்தன. இது சிறிய இழப்பன்று என்பது என் கருத்து.

பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் ஜின்னிங் தொழிலின் பயணம் வேடிக்கையானது. 1970-இல் பருத்திப் பிரிவின் முதல் எண்ணாகிய 230 அதற்குரியது. 1998-இல் அது வேளாண்மையின்கீழ்ச் சென்றுவிட்டது. ஆயினும் ஆண்டுத் தொழில் ஆய்வு அதைக் கைவிடாமல் ஆலைக் கணக்கிலேயே சேர்த்து வந்தது.

அதனினும் வேடிக்கை திருப்பூர்ப் பனியனின் கதை. 1970 பட்டியலில் பின்னலாலைகள் ஆடைகளோடு 26-இல் இருந்தன. 1998-இல் பின்னல் துணியும் அதனாலாகும் ஆடையும் சேர்ந்து 17-ஆம் பிரிவாகிய துணிக்குப் போயின. ஆகவே நெய்த துணியில் தைத்த சட்டை ஆடையெனப்பட்டது, பனியனோ துணியெனப்பட்டது! 2008 பட்டியலில் பின்னல் துணி 13-ஆம் பிரிவில் நிற்க, பின்னலாடை மட்டும் 14-ஆம் பிரிவாகிய ஆடைக்குத் திரும்பிற்று. இவ்விரு பட்டியல்களின் எண்களை அப்படியே அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், துணித் தொழில் தளர்ந்து ஆடைத் தொழில் திடீரென வளர்ந்ததாக மயங்கக்கூடும். அளவெடுத்துத் தைக்கும் நம் தெருத் தையற்காரரும் ஆடைப் பிரிவினரே. கிழிந்ததை மட்டும் தைத்துக் கொடுத்தால் அவர் பழுதுபார்க்கும் சேவையில் சேர்ந்துவிடுவார்.

எண் இருந்தால் மட்டும் போதாது. எண்ணுவோர் வாசலுக்கு வரவும் வேண்டும். 1959-இல் தொடங்கிய ஆண்டுத் தொழில் ஆய்வு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பதிவான ஆலைகளையே முக்கியமாக நாடிற்று. மின்விசையுடன் பத்துப் பேர், அஃதின்றி இருபது பேர் என்பது அச்சட்டம் வகுத்த அளவு. கணவன் நெய்ய, மனைவி பாவுக்கு நூல் சுற்ற, பிள்ளைகள் தார் சுற்றும் காஞ்சிபுரத்து வீடு அவ்வளவுக்குள் எங்ஙனம் அடங்கும்? அவ்வீடுகளை எண்ணுவதற்கென்றே கைத்தறிக் கணக்கெடுப்பு தனியாக நடைபெற வேண்டியதாயிற்று. முதலாவது 1987-88-இலும், நான்காவது 2019-20-இலும் நடந்தன.